இணைச் சான்று

ஹல் நகரத்தில் நான் சட்டம் படித்தது இரண்டு வருடம்.
ஏற்கெனவே ஒரு பட்டம் கையில் இருந்தால்
அங்கே இரண்டு போதும்.
இங்கே மூன்று.
நடுவில் ஒரு வருடம்
கடலில் எங்கோ விழுந்திருக்கிறது.
அதைக் கேட்டுத்தான் டெல்லிக்கு
நான்காவது பதிவுத் தபால் அனுப்பினேன்,
அஸ்தம்பட்டி தபால் நிலையத்தில்,
பசைக் கிண்ணத்தில் எறும்பு மிதந்த ஒரு நாளில்.

பதில் வந்தது.
இரண்டு ஆண்டு இணைப்புப் படிப்பு.
பிறகு தகுதித் தேர்வு, ஆறு தாள்.
அதற்கும் அப்புறம்
இங்கே படித்தவர்கள் எல்லோரும் எழுதும் தேர்வு.
கையெழுத்து மட்டும் மையில்,
மற்றதெல்லாம் நகல்.

அப்பா திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டார்.
ஜவ்வரிசி ஆலையில் முப்பது வருடம்
மூட்டை எண்ணியவர்.
கண்ணங்குறிச்சி வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது.
"ஒரு வருசம் கொறையுதுன்னா
ஒரு வருசந்தானே படிக்கச் சொல்லணும்?
ரெண்டு எப்படி வந்துச்சு?"
வாதாடத்தான் படித்தேன்.
இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

அதுவரை மெஹ்ரூனிசா மேடத்தின் அலுவலகத்தில்
மனு எழுதுகிறேன்.
நான் எழுதுவேன், அவர் கையெழுத்திடுவார்.
குமாஸ்தா சடகோபன் என்னை லண்டன் என்றே கூப்பிடுகிறார்.
ஹல் லண்டன் இல்லை என்று
முதல் மாதம் முழுக்கத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மேடம் வேறு கோர்ட்டில் மாட்டிக்கொண்டார்.
இங்கே எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.
எதிர்த்தரப்பு எழுந்து சொன்னது தவறு.
அந்தப் பத்தியை எழுதியதே நான்.
ஏழாம் பத்தி, மூன்றாம் வரி,
நாக்கு நுனியில் வந்து நின்றது.
நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்:
"நீங்க யாரும்மா?"
கட்டு கொண்டுவந்தவள் என்றேன்.
வாய்தா, பத்தொன்பதாம் தேதி.

தை மாதம் ஏற்காட்டுக்கு அனுப்பினார்,
ஒரு பிரமாணப் பத்திரத்துக்கு விவரம் எடுக்க.
நாகலூர்ப் பக்கம், காப்பித் தோட்டத்து லைன் வீடு.
தோட்டம் கைமாறியதும்
சடைச்சியைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.
கொட்டை காயும் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்து
அவளுக்கு வாசித்துச் சொன்னேன்:
இது நோட்டீஸ்தான். உத்தரவு இல்லை.
ஆள் வந்தால் கோர்ட் ஆர்டர் எங்கேன்னு கேளுங்க.
எதுலயும் கைநாட்டு வைக்காதீங்க.
அவள் காலால் கொட்டையைக் கிளறிக்கொண்டே
அதை எனக்கே திருப்பிச் சொன்னாள்,
என்னைவிடச் சுருக்கமாக.
பிறகு கேட்டாள், "நீ வக்கீலா கண்ணு?"

ஆமாம் என்றால் பொய்.
இல்லை என்றால்
ராத்திரி யாராவது கதவைத் தட்டியதும்
நான் சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு
திறந்துவிடுவாள்.
"வக்கீல் ஆபீசு" என்றேன்.
அவளுக்கு அது போதுமாயிருந்தது.

கிளம்பும்போது என் பையில்
ஆறு கமலா ஆரஞ்சைத் திணித்தாள்.
கட்டணமா இது, அன்பளிப்பா?
பதிவில்லாமல் கோர்ட்டில் வழக்காடினால்
ஆறு மாதம் வரை உள்ளே போடலாம்.
மாதத்துக்கு ஒரு பழம் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி பஸ்.
கொண்டை ஊசி வளைவுகள்
இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று
பலகை பலகையாய் வந்தன.
எதையும் தள்ளுபடி செய்யும் அதிகாரம்
ஓட்டுநருக்கு இல்லை.

பதினோராம் வளைவில் ஒன்றை உரித்தேன்.
நல்ல புளிப்பு.
முன் சீட்டுக் குழந்தை
அம்மாவின் தோள்மேல் கையை நீட்டியது.
இரண்டு சுளை கொடுத்தேன்.
ஜன்னல் கண்ணாடி இறங்க மறுத்தது.
துப்ப இடமில்லாமல்
அடிவாரம் வரை
விதைகளை வாயிலேயே வைத்திருந்தேன்.